வார்னிஷ் காயட்டும்

அண்ணனைக் கொல்வதில் சின்னவருக்கு ஒரு சிரமமும் இல்லை. போர்டு எழுதும் பெயிண்டரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போர்டு என் கைக்கு வந்தாகணும், பெயிண்டரே."

"வராது சார்." பெயிண்டர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "இன்னிக்கு வெள்ளி. இப்பதான் முதல் கோட் வார்னிஷ் அடிக்கிறேன். மொத்தம் மூணு கோட். ஒவ்வொண்ணும் ஒரு நாள் காயணும். திங்கக்கிழமைக்கு முன்னாடி பேச்சே எடுக்காதீங்க."

வார்னிஷில் தூசி ஒட்டிவிடும் என்று ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீரும் தெளித்து வைத்திருந்தார் அவர். சின்னவருக்கு வேர்த்து ஊற்றியது. இரண்டு ஸ்டூல்களின் மேல் போர்டு படுத்திருந்தது. பச்சைப் பின்னணியில் தங்க ரேக்குத் தாள் ஒட்டிய எழுத்துகள், ஓரத்தில் கறுப்பு நிழலோடு எழும்பி நின்றன: 'சின்னவர் ஆப்டிகல்ஸ்'.

பார்த்ததும் சின்னவருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனும் அவரும் சேர்ந்து இருபத்திரண்டு வருஷமாக நடத்தும் மூக்குக்கண்ணாடிக் கடை அது. ஊரார் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டுப் பழகி, கடைக்கும் அதுவே பெயராகிவிட்டது. பழைய போர்டில் 'பெரியவர்' தெருமுனையிலிருந்தே தெரியும். கீழே இருக்கும் 'மற்றும் சின்னவர்' என்பதைப் படிக்க, கடைக்குள் போய் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டு வர வேண்டும். கேட்டால், "எழுத்துல என்னடா இருக்கு?" என்று முதுகில் தட்டுவார் அண்ணன்.

அந்தத் தட்டலுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஞாயிறு காலை ஏரியில் மீன் பிடிக்க இரண்டு பேரும் படகில் போகிறார்கள். படகின் அடிப்பலகை ஒன்றைச் சின்னவர் போன வாரமே தளர்த்தி வைத்தாயிற்று. அவருக்கு நீச்சல் தெரியும். அண்ணனோ குளியலறை வாளியைக் கண்டாலே ஒதுங்கிப் போகிற ஆசாமி. ஆனாலும், "மீன் பிடிக்கப் போலாமாண்ணே?" என்றதும், "ஞாயித்துக்கிழமைதானே? தாராளமாப் போலாம்டா" என்று சிரித்துவிட்டார்.

திங்கள் காலை துக்கம் விசாரிக்க ஊரே கடை வாசலுக்கு வரும். அப்போது தலைக்கு மேல் தன் பெயர் மட்டும் மின்ன வேண்டும் என்பதுதான் சின்னவரின் ஆசை.

"முதல் கோட்டோட குடுத்துடுங்க. போதும்."

பெயிண்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்தார். அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பார்.

"நிழல் காயறதுக்கே ரெண்டு நாள் காத்திருந்தேன் சார். ஒரே கோட்டோட மாட்டினா, முதல் மழையிலயே கறுப்பு கரைஞ்சு தங்கத்து மேல ஏறிடும். அப்புறம் உங்க பேரு, பல்லு விளக்காத வாய் மாதிரி இருக்கும். பரவாயில்லையா?"

சின்னவர் அதைக் கற்பனை செய்து பார்த்து நொந்துபோனார். "சரி, திங்கக்கிழமையே ஆகட்டும். ஆனா இது அண்ணனுக்குத் தெரியக் கூடாது. ஒரு சர்ப்ரைஸ்."

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கம் நமக்குக் கிடையாது."

"போலீஸ் கேட்டாலும் சொல்லாதீங்க." வாய் தவறி வந்துவிட்டது.

"போலீஸ் எதுக்கு சார் போர்டைப் பத்திக் கேக்கப்போவுது?"

சின்னவர் இருமி மழுப்பினார். இந்த ஆளையும் ஒரு நாள் மீன் பிடிக்கக் கூட்டிப்போக வேண்டியிருக்குமோ என்று நினைத்துக்கொண்டார். பேச்சை மாற்ற வேண்டுமே!

"மூணு கோட் அடிச்சா தங்கம் மங்கிடாதா?"

பெயிண்டரின் முகம் மலர்ந்தது. "அப்படிக் கேளுங்க! இதே அளவு, இதே ரேக், இதே நிழல்ல இன்னொண்ணு இருக்கு. மூணு கோட்டும் முடிஞ்சு நல்லாக் காஞ்சு ரெடியா இருக்கு. காட்டக் கூடாதுதான். ஆனா உங்களுக்குள்ள என்ன ஒளிவுமறைவு?"

மூலையில் சுவரோடு சாய்த்திருந்த பலகையின் மேல் கிடந்த துணியை விலக்கினார்.

தங்கம் கண்ணைப் பறித்தது. மங்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 'பெரியவர் ஆப்டிகல்ஸ்' என்றிருந்தது. கீழே பொடி எழுத்தில்கூட வேறெதுவும் இல்லை.

"உங்கண்ணன் பத்து நாள் முன்னாடியே சொல்லிவச்சுட்டாரு. உங்களை மாதிரி அவசரப்படலை. இன்னிக்கு ஆறு மணிக்குக் கொண்டாரச் சொல்லியிருக்காரு" என்ற பெயிண்டர், துணியை மறுபடி மூடிக்கொண்டே தொடர்ந்தார்.

"அதுக்கு முன்னாடி கடை மொட்டை மாடியில இடம் அளக்கணுமாம், கைப்பிடிச் சுவர் இல்லாத அந்த ஓரத்துல நின்னு டேப்பைப் பிடிக்க நீங்கதான் வர்றீங்களாமே!"