சாக்லேட் யாருக்கு?

டெல்லி மயூர் விஹார் சமூகத் தோட்டத்தைப் பராமரிக்கும் பூங்கோதை சட்டென்று குனிந்தாள். பிளந்த ஊமத்தங்காய் ஒன்று தரையில் கிடந்தது. பாதி விதையைக் காணோம். அத்தனையும் விஷம்!

தேனீக்கும் பூச்சிக்கும் ஆகுமென்று அந்தச் செடியைப் பிடுங்காமல் விட்டவள் அவள்தான். "பறிச்சுத் தின்னு பார்த்தாத்தான் செடியைத் தெரியும்" என்று காலையில் தோட்டம் பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவளும் அவள்தான்.

"யார் தின்னது? சொல்லலேன்னா எல்லார் வீட்டுக்கும் போன் போகும்!" பிள்ளைகளோடு வந்த டீச்சர் உறுமினார்.

"நான் இல்ல மேம்!" நாலாம் வகுப்பு முப்பது பேரும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

யாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது?

பூங்கோதை முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். "அச்சா, யாரும் திட்ட மாட்டோம். தின்ன தைரியசாலிக்குப் பெரிய சாக்லேட்!"

"நான் மேம்!" "நான்தான் மேம்!" கைகள் போட்டி போட்டு உயர்ந்தன.

போச்சு! இனி எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசி வரிசையில் யாழினி மட்டும் கை தூக்கவில்லை. இவளாவது பொய் சொல்லவில்லையே என்று பூங்கோதைக்கு மனசு இளகியது.

"நல்ல பொண்ணு! உனக்கும் சாக்லேட் உண்டு, வாம்மா."

"சாக்லேட் வேணாம் மேம். தண்ணி குடுங்க... நாக்கு ஒட்டிக்குது."