முகூர்த்த நாளில் ரத்தப் பரிசோதனை

பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக ரத்தம் கொடுக்க யாராவது வருவார்களா? வர்ஷினி வந்திருந்தாள்.

அன்று அவிநாசியில் அவள் தம்பி தீபக்கின் கல்யாணம். முந்தின நாளே போயிருக்க வேண்டியவள். மாமியார் கனகம் விடவில்லை. காலையில் மண்டபத்துக்கென்று கிளம்பிய காரையும் இந்த லேப் வாசலில் நிறுத்திவிட்டாள். ஓட்டி வந்த வர்ஷினியின் புருஷன் காரை விட்டு இறங்கவே இல்லை.

“அத்தை, தாலி கட்டறதுக்கு முன்னாடி நாந்தானுங்க தம்பி பக்கத்துல நின்னு இணைச்சீர் செய்யோணும். கூடப் பொறந்தவ நான் ஒருத்திதானுங்களே. நாளைக்கு வந்து குடுக்கறனுங்க.”

“இன்னைக்கே குடு.”

லேப் பெண் நஸ்ரியாவுக்கே பொறுக்கவில்லை.

“ஏனுங்கம்மா, கரு ஏன் தங்க மாட்டேங்குதுன்னு பாக்கற ஆன்டிபாடி டெஸ்ட்டுங்க இது. என்னைக்கு எடுத்தாலும் ஒண்ணுதானுங்க.”

“ஆன்டிபாடின்னா என்ன கண்ணு?”

“உடம்புக்குக் காவக்காரங்க மாதிரிங்க. நோய் வந்தா வெரட்டும். சில பேருக்குச் சொந்தக் கருவையே வேத்தாளுன்னு நெனச்சு வெரட்டிப்போடுமுங்க.”

“சொந்தத்தையேவா?”

கனகம் மருமகளின் தலை மல்லிகையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு, “எடு கண்ணு. இன்னைக்கே எடு” என்றாள்.

காத்திருந்த பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். “இப்படியும் ஒரு மாமியாளா!” என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். கனகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல் நெஞ்சுக்காரி!

ரத்தம் எடுத்து முடிந்தது.

“இப்பக் கெளம்பினாக்கூடப் போயிரலாமுங்க அத்தை.”

“டாக்டரைப் பாத்துப்போட்டுத்தான்.”

வர்ஷினி பஞ்சை அழுத்தியபடி மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தம்பி பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அத்தனை பேர் இருந்த அறையில் அவளுக்கென்று ஒருவரும் இல்லை.

கனகத்தின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

“சொல்லுங்க சம்பந்தியம்மா... இல்லீங்க, உங்க மகளைக் கூட்டியாரலீங்க. நீங்க சொன்னாப்பலயே புள்ள பெத்தவளாப் பாத்து இணைச்சீருக்கு நிறுத்திக்கோங்க.”

உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“ஆனா ஒண்ணுங்க. வர வேண்டாம்னது நீங்கன்னு மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க. பெத்தவளே ஒதுக்கினான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா. மாமியாக்காரி விடலைன்னே இருந்துட்டுப் போகட்டும்.”