புத்தகத்தில் இல்லாத குழாய்

"நீச்சத்தண்ணிதான் எங்கண்ணனைக் கொன்னுச்சு. அதை உங்க வாயால சொல்லிருங்க, டாக்டரய்யா. இப்பிடியே இவளை இவ அப்பன் வீட்டுல விட்டுட்டுப் போயிர்றேன்."

விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். அவனுக்குப் பின்னால் சுவரோடு ஒண்டி நின்றாள் தங்கப்பொண்ணு. அவள் புருஷன் சுடலை வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்த அன்றே இறந்துபோனான். பதினெட்டு நாளாகிறது.

டாக்டர் அப்துல் வஹீது நாற்காலிகளைக் காட்டினார். இருவரும் உட்காரவில்லை.

"எவ்வளவும்மா குடுத்தே?"

"பழைய சோத்துத் தண்ணி அரைச் செம்புதான்யா. வெறும் வயித்தோட இருக்கணும்னு நர்ஸம்மா சொன்னாக. விடிஞ்சதும் பசிக்குது பசிக்குதுன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. மனசு கேக்கலை."

"கேக்கலையாம்ல. புள்ளைக மூணும் எங்க வீட்டுல, இவ கீழக்குயில்குடிக்குள்ள காலு வைக்கப்படாது. எங்காத்தா முடிவாச் சொல்லிருச்சு."

தங்கப்பொண்ணு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஒரு காகிதத்தை இழுத்துப் பென்சிலால் வரைந்தார்.

"இங்க பாருப்பா. இது இரைப்பை. இதுக்கு ரத்தம் கொண்டுவர்ற குழாய் இது. இதைக் கட்டிட்டுத்தான் புண்ணை வெட்டி எடுக்கணும். ஆனா எல்லார் வயித்துலயும் குழாய் ஒரே மாதிரி ஓடாது. சிலருக்கு ஒண்ணு கூடுதலா இருக்கும். சிலருக்கு வேற பக்கமாச் சுத்தி வரும்."

"அதெப்பிடிங்கய்யா? அம்புட்டுப் பேருக்கும் கையும் காலும் ஒரே எடத்துலதான இருக்கு?"

"முகம் ஒண்ணாவா இருக்கு? உள்ளேயும் அப்படித்தான். எந்தப் புத்தகத்துலயும் போடாத இடத்துல உங்கண்ணனுக்கு ஒரு குழாய் மறைஞ்சு கிடந்துச்சு. தெரியாம வெட்டிட்டேன். சாயந்தரம் மறுபடி வயித்தைத் திறந்து பார்த்தேன். அதுக்குள்ள ரத்தம் எல்லாம் போயிருச்சு. நீச்சத்தண்ணிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை."

விருமாண்டி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளிய இருந்து பார்த்தாத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப யாரு மேலயும் தப்பில்லைங்கிறீக."

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். "இந்தப் பொண்ணு மேல இல்லை."

விருமாண்டி காகிதத்தை மேசைமேல் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "வாங்க மதினி, வண்டியைப் பூட்டுறேன். சின்னவன் ராவும் பகலும் ஒங்களைத்தான் கேட்டுக்கிட்டுக் கெடக்கான்" என்றான்.

அவள் குனிந்து டாக்டரின் காலைத் தொடப் போனாள். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நீங்க நல்லா இருக்கணும்யா. இத்தனை நாளும் சோத்தைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு. இன்னைக்குத்தான் உசுரு வந்துச்சு."

வண்டிச் சத்தம் அடங்கும்வரை அவர் சன்னலோரம் நின்றார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த நர்ஸ் ஞானம்மாள் மேசைமேல் கிடந்த படத்தை எடுத்துப் பார்த்தாள்.

"சார், அன்னைக்குச் சாயந்தரம் விளக்கைப் பிடிச்சது நான்தான்."

"தெரியும், சிஸ்டர்."

அந்த விளக்கு வெளிச்சத்தில் சுடலையின் குழாய்கள் எல்லாம் புத்தகத்தில் போட்டிருந்த இடத்திலேயே இருந்தன. இரண்டு முடிச்சுப் போடவேண்டிய இடத்தில் அவர் அவசரமாகப் போட்ட ஒற்றை முடிச்சுதான் அவிழ்ந்து கிடந்தது.