அண்ணன் குரலில்

எத்தனை வருடமாக இப்படி இருக்கிறது என்று பேச்சுப் பயிற்சியாளர் அவனைப் பார்த்துத்தான் கேட்டார்.

அண்ணன் பதில் சொன்னான்.

வீட்டிலும் இதே கதைதான். கல்யாண வயதிலும் அவனுக்குச் சிறுபையன் குரல். அவன் வாயைத் திறப்பதற்குள் யாராவது முந்திக்கொள்வார்கள். தறிச் சத்தத்தில் எல்லாக் குரலும் ஒன்றுதான் என்பதால் பட்டறையே கதி என்று கிடந்தான்.

பெண் பார்க்கப் போன அன்று, பையனுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று அம்மா சொல்லிச் சமாளித்தாள். நிச்சயம் முடிந்ததும் மணப்பெண் சாருமதி போன் செய்தாள். அவன் எடுக்கப் போனான். அண்ணன் பிடுங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவன் பெயரில் அண்ணன்தான் அவளோடு பேசுகிறான். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஊட்டிக்குப் போகலாம் என்று அண்ணன் வாக்குக் கொடுத்தான். சேமியா பாயசம் என்றால் உயிர் என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவனுக்கு அது அறவே பிடிக்காது.

கல்யாணம் எனக்கா இவனுக்கா என்று பற்றிக்கொண்டு வரும். உன் நல்லதுக்குத்தானே என்பாள் அம்மா.

பயிற்சியாளர் திரையைக் காட்டினார். மூக்கு வழியாகக் குழாய் விட்டு எடுத்த படம். குரல் நாண்கள் நன்றாக இருக்கின்றன, நோய் எதுவும் இல்லை, குரல் உடையும் வயதில் உடையாமல் அப்படியே பழகிவிட்டது, பயிற்சியில் மாறும் என்றார்.

“என்னோட குரல் மாதிரியே வந்துட்டாப் போதுங்க மேடம்,” என்றான் அண்ணன். “பொண்ணு அதத்தானுங்க கேட்டுப் பழகியிருக்குது.”

தொண்டை அவனுடையது. கல்யாணம் அவனுடையது. குரல் மட்டும் அண்ணனுடையதாக இருக்க வேண்டுமாம்.

பயிற்சியாளர் அவன் பக்கம் திரும்பினார். அவன் தொண்டை மேட்டில் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். இருமச் சொன்னார். இருமல் முடிகிற இடத்திலேயே ‘ஆ’ என்று இழுக்கச் சொன்னார்.

கனத்த குரல் ஒன்று வந்தது.

அண்ணனுடையதைவிடக் கனம். அண்ணனுடையது போலவே இல்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

விரலை எடுத்ததும் பழைய குரல் திரும்பியது. விடாமல் பயிற்சி செய்தால் நிலைத்துவிடும், அதுவரை நீங்களே இப்படி அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிப் பழகலாம் என்றார்.

அதற்குள் அண்ணன் சாருமதியை அழைத்திருந்தான். ஸ்பீக்கரில் போட்டு நீட்டினான். தொண்டையைப் பிடித்துக்கொண்டு பேசும்படி சைகை காட்டினான்.

“ஹலோ,” என்றாள் சாருமதி.

அவன் தொண்டையில் விரலை வைத்தான். அழுத்தினால் போதும்.

அண்ணன் தலையை ஆட்டி ஆட்டி அவசரப்படுத்தினான்.

அவன் விரலை எடுத்தான்.

“நானுங்க. உங்களுக்கு நிச்சயம் பண்ணுன மாப்பிள்ளை பேசறேன்,” என்றான், அந்த மெல்லிய குரலிலேயே. “இப்போதைக்கு என் குரல் இதுதானுங்க.”

ஸ்பீக்கரில் சாருமதி கேட்டாள்:

“அப்ப இத்தன நாளா எங்கிட்டப் பேசுனது யாருங்க?”

அவன் போனை அண்ணன் கையில் வைத்தான்.