புழுக்களின் பட்டினி

“தீனியில ஈஸ்ட் போட்டியா, இல்லியா? அதை மட்டும் சொல்லு” என்றார் பேராசிரியர் சிவராமகிருஷ்ணன்.

முப்பிடாதி தலையைக் குனிந்துகொண்டாள். எறணாகுளத்தில் இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் பழ ஈக்களுக்குத் தீனி காய்ச்சுவது அவள் வேலை. சோளமாவு, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் அளந்து போட்டுக் கிண்டி, கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றிவைப்பாள். ஏழு வருஷமாக மட்டாஞ்சேரியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறாள்.

“சுதீர், என்ன ஆச்சுன்னு அவளுக்குப் புரியும்படி சொல்லு.”

ஆராய்ச்சி மாணவன் சுதீர் தொண்டையைச் செருமிக்கொண்டான். “சேச்சி, ஈயோட புழு பெருசாகணும்னா அதோட செல்லுக்குள்ள டி.என்.ஏ. திரும்பத் திரும்பப் பிரதியாகணும். அதை ஆரம்பிச்சு வைக்கிறது ஒரு புரதம். அந்தப் புரதத்தை எடுத்துட்டா என்ன ஆகும்னு பார்க்கறதுதான் என் ஆராய்ச்சி. எடுத்த புழுவில பிரதி நின்னுடுச்சு. அது சரி. ஆனா நான் தொடாம விட்ட புழுவிலயும் நின்னுடுச்சு.”

“பட்டினி” என்றார் பேராசிரியர். “ஈஸ்ட் இல்லேன்னா அந்தப் புரதமே சரியா உண்டாகாது. ரெண்டு மாச வேலை குப்பைக்குப் போச்சு. அடுத்த வாரம் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுக்கணும். சுதீர் பேரில தப்புன்னா அவனோட உதவித்தொகை நின்னுடும். ஆராய்ச்சியும் அதோட சரி.”

முப்பிடாதி சுதீரைப் பார்த்தாள். ஈஸ்ட் தீர்ந்த அன்றே அவனிடம் சொல்லியிருந்தாள். வாங்குவது அவன் பொறுப்பு. எழுதிப்போட மறந்துவிட்டதாகவும், சார் காதுக்குப் போக வேண்டாம், இல்லாமலே காய்ச்சினால் ஒன்றும் ஆகாது என்றும் அவன்தான் சொன்னான்.

“ஸ்டோர்ல ஈஸ்ட் இருந்ததா, சுதீர்?”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “இருந்தது சார். சேச்சி போடலை.”



“ஆமா சார், போடல. மறந்துட்டேன்” என்றாள் முப்பிடாதி.

“ரெண்டு மாசமாவா மறந்தே?”

“ஆமா சார்.”

அவர் ஒரு தாளில் எழுதி நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

“நாளையிலேர்ந்து வர வேண்டாம்” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டார். “ஆத்துல சம்பாதிக்கறவா வேற யாராவது இருக்காளா?”

“இல்ல சார். அவரு போய்ச் சேந்துட்டாரு. ஒரே பையன். படிக்கான்.”

“அவனையாவது பொறுப்பா வளர்த்துக்கோ.”

“சரி சார்.”

சாயங்காலம் மட்டாஞ்சேரி வீட்டில் அவள் மீன்குழம்பை இறக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. சுதீர் உள்ளே வந்தான். நிலைப்படியைத் தாண்டியதும் அங்கேயே நின்றுவிட்டான்.

“அம்மா” என்றான். ஆய்வுக்கூடத்தில் நாலு வருஷமாக அவன் மறைத்துவைத்திருந்த உறவு அது. “இன்னைக்கு நீ மட்டும் ஒத்துக்கலேன்னா என் படிப்பே போயிருக்கும்.”

முப்பிடாதி அவனுக்குத் தட்டை வைத்தாள்.

“பழிய நானே ஏத்துக்கணும்னுதான் வாயத் தொறந்தேன்யா” என்றாள். “அதுக்குள்ள நீ சொல்லிட்டியே.”