நாயுண்ணி பிடுங்கிய மருமகன்

முள் கீறிய கையை மனைவி இரத்தினம்மா பார்க்காதபடி சாறனில் துடைத்துக்கொண்டு, கதிர்காமத்தம்பி அடுத்த நாயுண்ணிப் பற்றையைப் பிடித்து இழுத்தான். முட்புதர் வேரோடு வந்தது. அவன் பின்பக்கமாக மண்ணில் விழுந்தான்.

"மெள்ள, மெள்ள!" என்று அடுக்களைக்குள்ளிருந்து இரத்தினம்மா சிரித்தாள்.

கலியாணம் முடித்து, குருக்கள்மடத்தில் பெண் வீட்டோடு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதிதாகக் கட்டிய கல்லடிப் பாலத்தைத் தாண்டி, மட்டக்களப்பு அச்சுக்கூடமொன்றுக்கு எழுத்துக் கோர்க்கப் போய்வருகிறவன். ஈய எழுத்தில் ழகரமும் ளகரமும் தடவிப் பார்த்தே சொல்லுவான். செடிகொடியில் எது பயிர், எது களைப்பூண்டு என்று கேட்டால் முழிப்பான்.

மாமியார் சீதேவிப்பிள்ளைக்கு அவன் பிள்ளை மாதிரி. மாமனார் கோணாமலைதான் பிடிபடவில்லை. வந்த நாளிலிருந்து 'ஓம்', 'இல்லை' தவிர அவனோடு பேச்சே கிடையாது. தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று கதிர்காமத்தம்பி முடிவே கட்டியிருந்தான்.

அதனால்தான் இந்த வேலைக்கே இறங்கினான். வீட்டு வளவில் பாதியை நாயுண்ணி மூடிவிட்டது. போன கிழமை அதற்குள்ளிருந்து ஒரு புடையன் பாம்பு வேறு ஊர்ந்து வந்தது.

"ஆரோ வெள்ளைக்காரன் பூவுக்கெண்டு கொண்டந்து வெச்சதாம். இப்ப ஊரெல்லாம் இதுதான்" என்று மாமியார் அலுத்துக்கொண்டாள்.

"நான் துப்புரவாக்கிறன் மாமி" என்றான் இவன்.

சந்தைக்குப் புறப்படும்போது அவள் சொல்லிவிட்டுப் போனாள். "தெரியாத செடியெண்டா மாமாட்டக் கேளுங்க மகன்."

வேலியோரம் வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. நாயுண்ணியோடு பின்னிக்கொண்டு பச்சைப் பசேலென்று ஒரு கொடி ஓடியது. கோணாமலை வேப்பமரத்தடியில் குந்தியிருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, இதுவும் பூண்டுதானா?"

கோணாமலை கொடியைப் பார்த்தார். மகள் நின்ற அடுக்களைப் பக்கம் பார்த்தார். மறுபடி கொடியைப் பார்த்தார்.

"ஓம்."

"பிடுங்கவா?"

"வேரோட."

மாமனார் வாயிலிருந்து புதிதாக ஒரு சொல்! கதிர்காமத்தம்பிக்குக் கையில் இருந்த எரிச்சலெல்லாம் மறந்துபோனது. கொடியை அடியோடு கிண்டி எடுத்து, நாயுண்ணிக் குவியலோடு போட்டு நெருப்பு வைத்தான்.

சந்தையால் வந்த சீதேவிப்பிள்ளை வேலியைப் பார்த்தாள். கூடை கை நழுவியது.

"ஐயோ, என்ட குறிஞ்சா! ஊத்தி ஊத்தி வளத்த கொடி! கைச்சாலும் இதைப்போல மருந்து இல்லயெண்டு நாள் தவறாம உங்கட மாமாவுக்கு இலையைச் சுண்டிச் சோத்தோட குடுக்கிறன். இனி எங்க போவன்?"

கதிர்காமத்தம்பி மாமனாரைப் பார்த்தான். கோணாமலை உளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தார். அவர் குரல் மாமியாரின் குரலை விடப் பெரிதாக இருந்தது.

"என்ன வேலை இது! தெரியாட்டி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

'உங்களிட்டத்தானே கேட்டன்' என்று சொல்ல வாயெடுத்தான். வாழ வந்த வீட்டில் மாமனாரைப் பொய்யர் என்று எப்படிச் சொல்வது? "தெரியாமச் செஞ்சிட்டன் மாமி" என்று தலையைக் குனிந்தான். இரத்தினம்மா அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் சோறும் மீன்குழம்பும் மட்டும்தான். மாமியார் மூக்கை உறிஞ்சியபடி பரிமாறினாள். கோணாமலை முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே மறுசோறு கேட்டு வாங்கினார். கதிர்காமத்தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்காத மருமகனை ஊரறிய விரட்டத்தான் இந்தச் சதியா? பேசாமல் தாய் வீட்டுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தான்.

கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றபோது, பின்னால் காலடி கேட்டது. கோணாமலை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முதல் தடவையாக அவன் தோளில் கை போட்டார்.

"கோழிக்கூட்டுக்குப் பின்னால இன்னொண்டு நிக்கிது மகன், அதை எப்ப பிடுங்குவம்?"