லேசான மீன்

“சீட்டு குலுக்க அறுக்கிற மரமீனுல எம்மவன் பேரு போடுற மீனை மட்டும் லேசான மரத்துல அறும்மா. பானையைக் குலுக்குனா அதான் முதல்ல வுழும்,” என்றார் ஊர்த்தலைவர் சம்பந்தம்.

“சரி மாமா,” என்றாள் பூவிழி, மரம் அறுக்கும் ஸ்க்ரோல் சா மெஷினை நிறுத்தாமலே.

ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று ஞாயிற்றுக்கிழமை மரமீன்களைப் பானையில் போட்டுக் குலுக்கினார்கள். முதலில் விழும் பேருக்குத்தான் மீன் கொழிக்கும் முகத்துவாரம்; அது தலைவர் மகனுக்கே விழுந்தது. பூவிழியின் புருஷன் மனோஜுக்கு வெறும் சேற்றுப்பக்கம்.

பூவிழிக்குத் திக்கென்றது. முடியாதென்றால் வேறு ஆளைப் பிடிப்பாரென்றுதான் அன்று சரியென்றாள். அத்தனை மீனையும் ஒரே தேக்குப் பலகையில்தான் அறுத்திருந்தாள்.

சாயங்காலம் சம்பந்தம் கூடை நிறைய நண்டோடு வாசலில் நின்றார்.

“நீ சொன்ன வார்த்தையக் காப்பாத்திட்டம்மா.”

உள்ளேயிருந்து மனோஜ் எழுந்து வந்தான். “இன்னா வார்த்தை?”